கார் கழுவுற பிரஷர் வாஷர் வெச்சு வீட்டு டிரெய்னேஜ் அடைப்பு எடுக்கலாமுங்களா?

சூலூர்க்காரன்:

வணக்கமுங்க. வீடு கட்டி இருபது வருசத்துக்கு மேல ஆச்சு. சமையக்கட்டு சிங்க், வாஷிங் மெஷின், பாத்ரூம் எல்லாம் 75 எம்எம் பிவிசில வந்து, கக்கூஸ் லைனோட 110 எம்எம் பைப்புல சேருது. அது வீட்டுக்குப் பக்கவாட்டுல மூணு சேம்பர் (மூடி போட்ட சோதனைத் தொட்டி) தாண்டி செப்டிக் டேங்க்குல விழுகுது. இப்ப சிங்க்ல தண்ணி நின்னு நின்னு எறங்குது. வாஷிங் மெஷின் தண்ணிய வெளிய தள்ளுனா பாத்ரூம் நாணி ட்ராப்புல (தரையில தண்ணி போற ஓட்டைக்கு அடியில இருக்கறது) கொப்புளிச்சு நொரை மேல ஏறுது. கடையில விக்கிற அடைப்புப் பவுடர் போட்டும் பெருசா ஒண்ணும் ஆகலை.

கைவசம் கார் கழுவுற மிஷின் இருக்குது. 130 பார், நிமிசத்துக்கு 6.5 லிட்டர்னு ஒட்டியிருக்குது. அதுல மாட்டுற 15 மீட்டர் டிரெய்ன் ஓஸ் தனியா கெடைக்குதாம். நாலு கேள்விங்க. அந்த வேகத்தைப் பழைய பிவிசி தாங்குமா? சிங்க் பக்கமிருந்து விடோணுமா, சேம்பர்லருந்து விடோணுமா? எந்த நாசில் வாங்கறது? செப்டிக் டேங்க்குக்கு ஏதாச்சும் ஆகுமா?

பீளமேடு பைப்லைன்:

பைப்பு உடையறதைப் பத்தி ரொம்ப யோசிக்காதீங்க. நல்ல பைப்பா இருந்து, நாசில் ஒரே எடத்துல நிக்காம நகந்துட்டே இருந்தா இந்த மிஷின் பிவிசிய ஒண்ணும் செய்யாது. கெடுதல் வர்றது ஜாயிண்டுலதான். சொல்யூஷன் போடாம சும்மா சொருகி விட்ட எல்போ, மெல்லிசான மார்க் இல்லாத பைப்பு, வெய்யில்ல காஞ்சு நொறுங்குற நெலமையில இருக்கற வெளிப் பைப்பு, இதுகதான் கழண்டுக்கும். பைப்பு மேல ஐஎஸ் 13592னு அச்சு இருக்குதான்னு பாருங்க. அதுலயும் டைப் ஏ மழைத்தண்ணிக்கும் வென்ட்டுக்கும் (காத்துப் போற குழாய்) உள்ளது, டைப் பி தான் கழிவுத் தண்ணிக்கு. காசு மிச்சம் பண்ண ஏ போட்டுட்டுப் போற வேலை நம்ம பக்கம் நெறைய நடக்குது.

நீங்க யோசிக்க வேண்டியது அந்த 6.5 லிட்டரை. போர் மோட்டார் வாங்கறப்ப ஹெட்டு (தண்ணிய ஏத்தற உயரம்) எவ்வளவு, டெலிவரி (தள்ளுற தண்ணி அளவு) எவ்வளவுன்னு ரெண்டையும் கேக்கறோமில்லீங்க, அதே கணக்குத்தான். பிரஷர் அடைப்பை ஒடைக்கும். ஒடைஞ்சதைத் தள்ளிட்டுப் போறது தண்ணியோட அளவு. 6.5 லிட்டர் 40, 50, 75 எம்எம் பைப்புக்குப் போதும். 110 எம்எம்ல அது அடித்தரையை நனைச்சுட்டு ஓடும், அவ்வளவுதான். ஒடைஞ்ச கொழுப்பும் மண்ணும் பத்தடி தள்ளி மறுபடியும் படுத்துக்கும். அதனால 110 லைன்ல ஜெட் ஓடறப்பவே மேல் பக்கமிருந்து ஒருத்தர் ரெண்டு பக்கெட் தண்ணிய ஒரே மூச்சுல கொட்டோணும். குழாயைத் திறந்து விட்டா பத்தாது. 6 இஞ்ச் தெரு லைனுக்கு இந்த மிஷினோட போகவே போகாதீங்க, அது லாரி வேலை.

வாங்கறதுக்கு முன்னாடி மூணு சேம்பர் மூடியையும் திறந்து பாருங்க. எந்த சேம்பர் ரொம்பிக் கெடக்குது, எது காஞ்சு கெடக்குதுன்னு பாத்தாலே எடம் தெரிஞ்சுரும். ரொம்புனதுக்கும் காஞ்சதுக்கும் நடுவுல அடைப்பு. மூணுமே காஞ்சிருந்தா வீட்டுக்குள்ள இருக்கற லைன். மூணுமே ரொம்பியிருந்தா செப்டிக் டேங்க் பக்கம். அப்ப ஜெட்டை எடுக்கவே வேண்டாம்.

ஓஸை விட வேண்டியது காஞ்ச சேம்பர்லருந்து, தண்ணி வர்ற திசைக்கு எதிரா. நாசில்ல பின்னாடி பாத்த ஓட்டை மூணு நாலு இருக்கும். அந்தத் தண்ணி பின்னால பீச்சறதுனால நாசில் தானா முன்னால ஏறும், சுரண்டுன அழுக்கு உங்க சேம்பருக்கே திரும்பி வரும். மேலிருந்து கீழ விட்டா அடைப்பை இன்னும் இறுக்கிக் குத்துற மாதிரி ஆயிரும். முழுசா அடைச்சிருந்தா முன்னாடியும் ஒரு ஓட்டை இருக்கற நாசில். வழி கெடைச்ச பொறகு பின் ஓட்டை மட்டும் உள்ளதை மாத்திச் சுவரைக் கழுவோணும். ரெண்டும் வாங்கிக்குங்க. மிஷினோட லிட்டர் அளவுக்குப் பொருந்துற நாசிலான்னு கேட்டு வாங்குங்க. ஓட்டை பெருசா இருந்தா பிரஷர் படுத்துரும்.

வேலை இப்படிங்க: நாசில்லருந்து ஒரு மீட்டர் தள்ளி ஓஸ்ல சிகப்பு டேப்பை நல்லாச் சுத்துங்க. நாசில் பைப்புக்குள்ள ஒரு மீட்டர் போன பொறகுதான் ட்ரிகர். திரும்பி இழுக்கறப்ப டேப் கண்ணுல பட்டதும் நிறுத்திரோணும். வெளிய வந்த நாசில் பாம்பாட்டம் சுழட்டி அடிக்கும், மூஞ்சியக் கிழிச்சுரும். முட்டுற எடத்துல பலவந்தமாத் தள்ளாதீங்க. அரை அடி இழுத்து, ஓஸைக் கொஞ்சம் முறுக்கி மறுபடி விடுங்க. வழி கெடைச்சதும் வேகமா இழுத்துறக் கூடாது, மீட்டருக்குப் பத்துப் பதினஞ்சு செகண்டாவது ஆகோணும். உள்ள போறப்ப ஓட்டைதான் போடுது. சுத்தமாகறது இழுக்கறப்பத்தான்.

கீழ இருக்கற சேம்பர் அவுட்லெட்டுல ஒரு ஜல்லிக்கரண்டியையோ கம்பி வலையையோ வெச்சுக் கட்டியாப் பிடிச்சு எடுத்துருங்க. இல்லீன்னா அடுத்த லைனுக்கு அடைப்பைப் பார்சல் அனுப்புனதாத்தான் ஆகும்.

ஈரோட்டு அம்மிணி:

அண்ணன் சொன்னது வெளி லைனுக்குச் சரிதானுங்க. சிங்க் மெதுவா எறங்கறதுக்கு வேற காரணமும் சேந்திருக்கலாம், மொதல்ல அதைப் பாத்துருங்க. சிங்க்குக்கு அடியில பாட்டில் ட்ராப்பைக் கழட்டி, கீழ பக்கெட் வெச்சுட்டுத் தண்ணி விட்டுப் பாருங்க. சர்ருன்னு எறங்குச்சுன்னா அடைப்பு ட்ராப்புலயோ, அதுக்கு அந்தண்டையோ இருக்குது. ஓஸை விடறதும் ட்ராப்பைக் கழட்டிட்டு, சுவத்துக்குள்ள போற பைப்புல நேரா விடோணும். ட்ராப்புக்குள்ளயே விட்டா அந்தச் சின்ன வளைவுல நாசில் சிக்கிக்கும்.

நம்மூரு சிங்க் லைன்ல சேர்றது மூணு சாமானுங்க. தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழ உறைஞ்சுரும். மார்கழி காலைல 20க்குக் கீழ எறங்கறப்ப பைப்புச் சுவத்துல மெழுகா ஒட்டிக்கும். கடலெண்ணெய் அப்படி உறையாது, ஆனா கெட்டியானதோட சேந்துக்கும். ரெண்டாவது கிரைண்டர் கழுவுன மாவுத் தண்ணி. கல்லைக் கழுவி அப்படியே சிங்க்ல ஊத்தறாங்க. அந்த மாவு அடியில படிஞ்சு, நாள்பட்டா புளிச்சுப் பசையாகுது. மூணாவது போர்த்தண்ணி. உப்புத்தண்ணியோட குளிக்கற சோப்பு மாதிரி எண்ணெய்ல செஞ்ச சோப்பு சேந்தா வெள்ளையா ஒரு கசடு வரும், டிடர்ஜென்ட்ல அப்படி வராது. சிறுவாணித் தண்ணி மட்டும் பொழங்கற வீட்டுல இந்தக் கசடு கம்மி.

இதுக்கெல்லாம் ஜெட் அருமையா வேலை செய்யும். ஆனா சுடுதண்ணி நல்லா வேலை செய்யும்னு நெனச்சு மிஷின்ல சுடுதண்ணி குடுத்துறாதீங்க. வீட்டு மிஷின் பெரும்பாலும் 40 டிகிரிக்கு மேல தாங்காது, சீல் போயிரும். வேணும்னா ஜெட் அடிக்கறதுக்கு அரை மணி முன்னாடி கை பொறுக்கற சூட்டுல ஒரு பக்கெட் சிங்க்ல ஊத்தி ஊற விடுங்க. கொதிக்கக் கொதிக்க ஊத்துனா பிவிசி வளைஞ்சுரும்.

இன்னொண்ணு. டைல்ஸ் ஒட்டுனப்பக் கழுவி விட்ட சிமெண்ட் பைப்புல இறுகியிருந்தா ஜெட் அதை அசைக்காது. துணி, நாப்கின், ஈரத் துடைப்புத் தாள் இதுகளையும் ஜெட் சுருட்டி அக்கட்டதான் தள்ளும். அதுக்கு ஸ்பிரிங் கம்பி விட்டுக் கொக்கி போட்டு இழுக்கறதுதான் சரி.

சூலூர்க்காரன்:

ரெண்டு பேருக்கும் நன்றிங்க. மூடி திறந்து பாத்தாச்சு. வீட்டையொட்டி இருக்கற மொதல் சேம்பர் விளிம்பு வரைக்கும் ரொம்பிக் கெடக்குது. ரெண்டாவது, மூணாவது காஞ்சிருக்குது. மொதலுக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுல ஏழெட்டு மீட்டர் இருக்கும், அந்தத் தடத்துல மூணடி தள்ளி ஒரு தென்னை நிக்குது. வேருன்னா இந்த மிஷின் அறுக்குமுங்களா? அந்தப் பவுடர் தண்ணி சேம்பர்ல இன்னும் நிக்குது.

பீளமேடு பைப்லைன்:

மொதல்ல பவுடர். அது பெரும்பாலும் காஸ்டிக் சோடா. ஜெட் அடிக்கறப்ப தூவானமா மூஞ்சிக்கு வரும், கண்ணுல பட்டாப் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடி, முழங்கை வரைக்கும் ரப்பர் கையுறை, கம்பூட்டு இல்லாம ஆரம்பிக்காதீங்க. காஸ்டிக் வேலை செய்யலைன்னு யாராச்சும் ஆசிட் ஊத்தச் சொன்னாக் கேக்காதீங்க, ரெண்டும் சேந்தாக் கொதிச்சு எகிறும். ப்ளீச்சிங் பவுடர் போட்ட எடத்துல ஆசிட் பட்டாக் குளோரின் கெளம்பும். நிக்கிற தண்ணிய மொதல்ல பக்கெட்டுல மொண்டு பாதியாக் கொறைச்சுருங்க, மூணாவது சேம்பர்ல ஊத்திக்கலாம்.

பொறகு ரெண்டாவது சேம்பர்லருந்து மொதல் சேம்பரைப் பாத்து விடுங்க. குனிஞ்சு உள்ள கையை விட வேண்டாம். ஒரு இஞ்ச் பிவிசி பைப்பு நாலடி எடுத்து, நுனியில ஒரு நீள பெண்டு மாட்டி, அதுக்குள்ள ஓஸைக் கோத்து, பெண்டு வாயை இன்லெட்டுல வெச்சுப் பிடிச்சா நின்ன எடத்துலருந்தே தள்ளலாம். மேல ஒரு நனைஞ்ச சாக்கைப் போட்டு மூடிக்குங்க. அடைப்பு விடறப்ப மொத்தத் தண்ணியும் ஒரே அடியா வரும், இன்லெட்டுக்கு நேரா நிக்காதீங்க.

இந்த லைன்ல ஒரு சிக்கல். 110 எம்எம்ல மெல்லிசான ஓஸ் உள்ளயே திரும்பிக்கிட்டு உங்களைப் பாத்து வரும். நீங்க பாட்டுக்கு ஏழு மீட்டர் போச்சுன்னு நெனச்சுட்டிருப்பீங்க, நாசில் பின்னாலேயே நிக்கும். நாசிலுக்குப் பின்னாடி ஓஸ் மேல பைப்பு விட்டத்தை விட நீளமா, ஒரு அரை அடிக்கு, விறைப்பான டியூப் ஒண்ணைக் கோத்து இறுக்கிக் கட்டிருங்க. அப்பத் திரும்ப எடம் இருக்காது.

வேரைப் பொறுத்தவரைக்கும்: தென்னை வேர் நல்ல பிவிசியத் தொளைக்காது. ஜாயிண்டு விட்ட எடத்துல, இல்லீன்னா சேம்பர் சுவத்துல பைப்பு நுழையற சிமெண்ட் பூச்சு வெடிச்ச எடத்துல நாரு மாதிரி நுழைஞ்சு உள்ள கொத்தாப் பரவும். பழைய கல்பைப்பா இருந்தா ஒவ்வொரு ஜாயிண்டும் அதுக்கு வாசல். உங்க மிஷின் மெல்லிசு வேரைக் கொஞ்சம் பிய்க்கும், அடியை அறுக்காது. வெளிய வர்றதைப் பாருங்க. வெள்ளையா, கறுப்பா கொழுப்புக் கட்டின்னா ஜெட்டே போதும். பழுப்பு நாரு கொத்தா வந்தா, இல்லீன்னா செம்மண்ணோ ஜல்லியோ வந்தா, பைப்பு எங்கயோ திறந்து கெடக்குதுன்னு அர்த்தம். மண்ணு வந்த உடனே நிறுத்துங்க. அதுக்கு மேல அடிச்சா வெளி மண்ணைக் கரைச்சு உள்ள இழுத்துக் குழி பறிக்கும், மேல போட்ட தரை எறங்கும். ஓஸ் எத்தனை மீட்டர்ல நிக்குதுன்னு அளந்து, அந்த எடத்தைத் தோண்டி அந்தத் துண்டை மாத்தறதுதான் வழி.

காங்கயம் மேஸ்திரி:

எல்லாரும் ஜெட்டைப் பத்தியே பேசறீங்க, வாட்டத்தை (பைப்போட சரிவு) யாரும் கேக்கலை. 110 எம்எம் லைனுக்கு நாப்பதுக்கு ஒண்ணுலருந்து அறுபதுக்கு ஒண்ணு வரைக்கும் வாட்டம் வேணும், அதாவது 6 மீட்டருக்குப் பத்துலருந்து பதினஞ்சு சென்டிமீட்டர். அடைப்பு எடுத்த பொறகு ரெண்டு சேம்பர் இன்வெர்ட்டையும் (பைப்போட உள் அடிமட்டம்) டியூப் லெவல் வெச்சு அளந்து பாருங்க. மொத்த வாட்டம் சரியா இருந்தும் நடுவுல பைப்பு தொங்கியிருந்தா, அந்தப் பள்ளத்துல எப்பவும் தண்ணி நிக்கும், கொழுப்பு அங்கதான் உக்காரும். மூணு மாசத்துக்கு ஒருக்கா அதே எடத்துல அடைச்சா சந்தேகமே வேண்டாம், தொங்கல்தான். எத்தனை பார் மிஷின் வந்தாலும் அது தீராது.

செப்டிக் டேங்க் கேட்டீங்க. கால் மணி நேரம் அடிச்சாலும் இந்த மிஷின் நூறு லிட்டர்தான் விடும், அது டேங்க்குக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனா ஓஸை டேங்க்குக்குள்ள விட்டுக் கலக்காதீங்க. படிஞ்ச சேறு எழும்பி அடுத்த சோக் பிட்டுக்கு (தண்ணிய மண்ணு உறிஞ்சற குழி) போச்சுன்னா சோக் பிட்டு காலி. ரெண்டு மூணு வருசத்துக்கு ஒருக்கா டேங்க் எடுக்காத வீட்டுல இன்லெட் டீயோட வாயே மேல மெதக்கற ஏடு அடைச்சுப் போயிரும், அதையும் ஒரு குச்சியால மேலிருந்தே பாத்துருங்க. மூடியைத் திறந்துட்டுக் கொஞ்ச நேரம் தள்ளி நில்லுங்க, பீடி தீப்பெட்டி கிட்ட வேண்டாம். உள்ள யாரையும் எறக்காதீங்க. அழுகுன முட்டை வாசம் வந்தாத்தான் ஆபத்துன்னு நெனைக்கறாங்க. அந்த வாயு அளவு கூடுனா மூக்கு மரத்து வாசமே தெரியாமப் போயிரும், அப்பத்தான் ஆள் விழறது. தகுந்த பாதுகாப்பில்லாம ஆளை எறக்கறது 2013ஆம் வருசச் சட்டப்படி குத்தம். டேங்க் எடுக்கற லாரி வேணும்னா 14420க்குக் கூப்புடுங்க.

சிங்க் தண்ணியையும் வாஷிங் மெஷின் தண்ணியையும் செப்டிக்ல விட்டதே தப்பான அமைப்பு. லைனைத் தோண்டறதுன்னு ஆச்சுன்னா அதோட அந்த 75ஐப் பிரிச்சு, ஒரு கிரீஸ் ட்ராப் சேம்பர் (எண்ணெயைத் தேக்கிப் பிடிக்கற தொட்டி) கட்டித் தென்னைக்கே திருப்பி விட்டுருங்க. மரத்துக்கு வேற எடத்துல ஈரம் கெடைக்கும்.

மிஷினுக்கு ரெண்டு வார்த்தை. மேல் தொட்டித் தண்ணி பத்துமான்னு பாக்க, அந்தக் குழாய்ல 10 லிட்டர் பக்கெட் ஒரு நிமிசத்துக்குள்ள ரொம்போணும். ரொம்பலைன்னா பம்பு காத்தை இழுத்துக் கெட்டுரும். இன்லெட் பில்டரைக் கழட்டி மண்ணு தட்டிட்டு மாட்டுங்க, போர்த்தண்ணியோட மணல் பம்பு வால்வைத் தின்னுரும். ப்ளக் 16 ஆம்ப்ல நேரா, 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (கரண்டு கசிஞ்சா தானா நிறுத்தற சுவிட்ச்) இருக்கற லைன்ல. ஒருத்தர் ஓஸ்ல, ஒருத்தர் சுவிட்சுல. முடிஞ்ச பொறகு எல்லா நாணி ட்ராப்புலயும் அரை பக்கெட் தண்ணி ஊத்துங்க. ஜெட் ஓடறப்ப உள்ள இருந்த தண்ணிய உறிஞ்சிட்டுப் போயிருக்கும், ஊத்தலைன்னா ராத்திரிக்கு வீடு பூராவும் நாறும்.