டெக்சாஸ் கேம்பஸில் துப்பாக்கி: "என் அறைக்குள் வேண்டாம்" என்று டிஏ சொல்ல முடியுமா?

திருச்சி_செல்வம் கேட்டது:

வணக்கம். ஆஸ்டினில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் பிஎச்டி செய்கிறேன், எஃப்-1 (மாணவர்) விசா. இந்த செமஸ்டரில் எனக்கு டிஏ (டீச்சிங் அசிஸ்டன்ட், பேராசிரியருக்குப் பாடம் நடத்த உதவுகிற) வேலை. வாரம் இரண்டு நாள் ஆபீஸ் ஹவர்ஸ் (மாணவர்கள் வந்து சந்தேகம் கேட்கிற நேரம்) வைக்க வேண்டும். அறையில் என்னோடு இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள். மாணவர்கள் லைசென்ஸ் இருந்தால் கைத்துப்பாக்கியை மறைத்து வைத்துக்கொண்டு வகுப்புக்கே வரலாம் என்று கேள்விப்பட்டதிலிருந்து அப்பா தினமும் போனில் இதையே கேட்கிறார். கதவில் "துப்பாக்கி கூடாது" என்று எழுதி ஒட்டலாமா? மார்க் குறைந்த கோபத்தில் ஒருவர் வந்தால், "உங்களிடம் துப்பாக்கி இருக்கிறதா" என்று கேட்கலாமா?

கொங்கு_அக்கா:

தம்பி, நான் இந்தச் சட்டம் வருவதற்கு முன்பிருந்தே இங்கே பாடம் நடத்துகிறேன். சுருக்கமான பதில்: உங்கள் அறைக்கு நீங்கள் தடை போட முடியாது. காரணம், அது உங்கள் ஒருவருக்கு மட்டும் ஒதுக்கிய அறை இல்லை.

செனட் மசோதா 11 என்பதுதான் சட்டம். கவர்னர் கிரெக் அபாட் 2015-ல் கையெழுத்திட்டார், 2016 ஆகஸ்ட் 1 முதல் அரசுப் பல்கலைக்கழகங்களில் அமலுக்கு வந்தது. தனியார் பல்கலைக்கழகங்கள் வேண்டாம் என்று விலகிக்கொள்ளலாம். ரைஸ், பேய்லர் எல்லாம் அப்படித்தான் விலகின. அரசுப் பல்கலைக்கழகத்துக்கு அந்த வழி கிடையாது. எந்தெந்த இடத்தில் கூடாது என்று பல்கலைக்கழகத் தலைவர் விதி போடலாம், ஆனால் மொத்தமாகத் தடுக்கிற மாதிரி போடக்கூடாது. அதனால் விளையாட்டுப் போட்டி, ஆபத்தான ரசாயனம் இருக்கிற லேப், விடுதிகளில் பெரும்பகுதி ஆகிய இடங்களில் துப்பாக்கி கூடாது. வகுப்பறைக்கு அந்தத் தடை இல்லை.

தனி அறை இருப்பவர் தடை சொல்லலாம். அதையும் வாயால் சொல்ல வேண்டும். நான் ஒவ்வொரு செமஸ்டரும் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுகிறேன்: "என் அறைக்குள் துப்பாக்கி கூடாது. லைசென்ஸ் வைத்திருப்பவர் என்னைப் பார்க்க வேண்டுமென்றால் வேறு இடத்தில் சந்திக்கலாம், யார் என்று எனக்குத் தெரிய வேண்டியதில்லை." அப்படி வேறு இடம் ஏற்பாடு செய்து தருவதும் விதியில் இருக்கிறது. நீங்களும் இந்த வழியைப் பயன்படுத்தலாம்: ஆபீஸ் ஹவர்ஸை நூலகம் மாதிரி நாலு பேர் நடமாடும் இடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள், அல்லது ஜூமில் வையுங்கள். யாரிடமும் துப்பாக்கி இருக்கிறதா என்று கேட்காதீர்கள். தற்செயலாகக் கண்ணில் பட்டால், அங்கிருந்து விலகி கேம்பஸ் போலீஸைக் கூப்பிடுங்கள். வெளியே தெரிகிற மாதிரி கொண்டுவருவது கேம்பஸில் குற்றம்.

எங்கள் பேராசிரியர்கள் மூன்று பேர் இந்தச் சட்டத்தை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனார்கள். கருக்கலைப்பு, இனம் பற்றியெல்லாம் விவாதம் நடக்கிற வகுப்பில் துப்பாக்கி இருந்தால் வாய்திறந்து பேச முடியாது என்பது அவர்கள் வாதம். 2018-ல் ஐந்தாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. யாரோ என்ன செய்வார்களோ என்ற அச்சத்தை வைத்து வழக்கு நிற்காது என்றது. எனக்கு இன்னும் ஆறாத விஷயம் அது. ஒரு மாணவரிடம் "உங்கள் பதில் தப்பு" என்று முகத்துக்கு நேராகச் சொல்வதுதான் என் வேலையே. அந்த வேலை நடக்கிற அறைக்கு எது வரலாம் என்பதில் ஆசிரியருக்கு ஒரு சொல் இருக்க வேண்டும்.

ஹூஸ்டன்_ரவி:

அக்கா சொன்ன விதிகள் சரி. மறுபக்கத்தையும் சொல்கிறேன், என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது. வகுப்பில் உட்கார்ந்து, எழுத்துத் தேர்வு எழுதி, 3, 7, 15 கஜத் தூரங்களில் 50 குண்டு சுட்டுக்காட்டி, கைரேகை கொடுத்து, பின்னணிச் சோதனை முடிந்து வாங்கியது. 2021 முதல் டெக்சாஸில் லைசென்ஸ் இல்லாமலேயே கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். ஆனால் கேம்பஸுக்கு லைசென்ஸ் கட்டாயம். டிரிக்கரை முழுக்க மூடுகிற ஹோல்ஸ்டரும் (துப்பாக்கி உறை) வேண்டும். பள்ளிக்கூடத்தைச் சுற்றி 1000 அடிக்குள் துப்பாக்கியைத் தடுக்கிற மத்திய அரசுச் சட்டம் வேறு இருக்கிறது, அதில் விலக்கு கிடைக்க மாநில லைசென்ஸ் தேவை. இவ்வளவையும் கடந்து வந்தவரைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. கொல்ல வருகிறவன் போர்டைப் படித்துவிட்டுத் திரும்பிப் போக மாட்டான். உங்கள் கேம்பஸ் டவரிலிருந்து 1966-ல் சார்லஸ் விட்மன் என்ற கொலைகாரன் கீழே இருந்தவர்களைச் சுட்டபோது, கீழேயிருந்து பொதுமக்களும்தான் திருப்பிச் சுட்டார்கள்.

கொங்கு_அக்கா:

ரவி, 1966 ஆகஸ்ட் 1-ல் திருப்பிச் சுட்டவர்களிடம் இருந்தது ரைஃபிள்கள், வெட்டவெளியில், குறி எங்கே என்று எல்லோருக்கும் தெரிந்த நிலையில். எழுபது பேர் அடைத்து உட்கார்ந்திருக்கிற வகுப்பில் யார் எந்தப் பக்கம் சுடுகிறார்கள் என்று உள்ளே வரும் போலீஸுக்கு எப்படித் தெரியும்? நீங்கள் கவனமானவர், நம்புகிறேன். ஆனால் நான் பார்ப்பது கொல்ல ஒருவன் வருகிற அந்த ஒரு நாளை மட்டும் இல்லை, மார்க் வெளியாகிற, காதல் முறிகிற, தூக்கமில்லாமல் தேர்வுக்கு வருகிற மற்ற எல்லா நாட்களையும். சரியாக அந்த ஆகஸ்ட் 1-லேயே, 50 வருடம் கழித்து, இந்தச் சட்டம் அமலுக்கு வந்தது. அன்று டவர் பக்கம் போய் நின்றவர்களில் நானும் ஒருத்தி.

டாலஸ்_மணி:

செல்வம், யாரும் சொல்லாத ஒன்று. எஃப்-1 விசாவில் இருப்பவர் துப்பாக்கியையோ குண்டையோ வைத்திருப்பது மத்திய அரசுச் சட்டப்படி குற்றம். வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்குகள்தான் உண்டு. "சும்மா ரேஞ்சுக்கு வாடா" என்று நண்பர்கள் துப்பாக்கி சுடும் பயிற்சி இடத்துக்குக் கூப்பிட்டால் போகாதீர்கள். ஃப்ளோரிடாவில் படிக்க வந்து விசா தகுதி இழந்த ஒருவர்மீது, ரேஞ்சில் சுட்டதற்கே வழக்குப் போட்டார்கள். அது 2019-ல் உச்ச நீதிமன்றம் வரை போனது. ரூம்மேட் வைத்திருந்தால் அது அவர் பெட்டியில், அவர் சாவியோடு இருக்கட்டும்.

திருச்சி_செல்வம்:

எல்லோருக்கும் நன்றி. அக்கா, செவ்வாய்க்கிழமை நேரத்தை நூலகத்துக்கும், வியாழக்கிழமை நேரத்தை ஜூமுக்கும் மாற்ற பேராசிரியரிடம் கேட்டிருக்கிறேன். மணி அண்ணா, ரேஞ்சுக்கு வரச்சொல்லி போன வாரம்தான் ஒருவர் அழைத்தார். வரவில்லை என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்.