கடலடி வரைபடக்காரர் யாழ்ப்பாணம் வரப்போகினம்: உங்கட அனுபவங்களை எழுதுங்கோ

பண்ணைக்கரை

வணக்கம் உறவுகளே. கடலின் அடித்தளத்தை அளந்து வரைபடமாக்குகிற நிபுணர்களின் சர்வதேசக் கூட்டம் ஒன்றை யாழ்ப்பாணத்தில் வைக்க எட்டு மாதமாக ஓடித்திரிகிறோம். மூன்று நாள் கூட்டம். வெளிநாட்டிலிருந்து அறுபது பேரளவில் எதிர்பார்க்கிறோம். ஏற்பாட்டுக் குழுவில் நானும் இருக்கிறேன். கடலை அளக்க வந்தவர்களை நீங்கள் சந்தித்திருந்தாலும் சரி, நீங்களே அளக்கப் போயிருந்தாலும் சரி, இங்கே எழுதுங்கள். என்னுடையதை முதலில் சொல்கிறேன்.

திகதி பிடிக்கவே இரண்டு மாதம் போனது. ஓகஸ்ற் என்றால் நல்லூர்த் திருவிழா, இருபத்தைந்து நாளும் ஊரில் ஒரு அறை எடுக்க ஏலாது. ஒக்ரோபர் கழிய மழை, பிறகு புயல் பயம். மே மாதம் தொடங்கினால் சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று, வந்தவர்களைப் படகில் ஏற்ற முடியாது. மிஞ்சினது மாசியும் பங்குனியும்தான். அதற்குள்ளும் கச்சதீவு அந்தோனியார் திருவிழா வருகிற நாட்களில் குருநகர், பாஷையூர்ப் படகுகள் நிறைய அங்கே போய்விடும். அது தவக்காலத்தோடு மாறி வருகிறதால் கோயிலில் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டுதான் மார்ச் நடுப்பகுதியை வைத்தோம்.

அனுமதி எடுப்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. 'கடலடி அளவை' என்ற சொல்லைக் கண்டதும் ஒரு அலுவலகத்தில் கோப்பை மேலே அனுப்பினார்கள், அங்கிருந்து இன்னும் மேலே போனது. அவர்கள் தயங்கினதில் நியாயம் இருக்கிறது. 2022 ஓகஸ்ற்றில் சீனாவின் யுவான் வாங் 5 என்ற கப்பல் அம்பாந்தோட்டைக்கு வந்தபோது நாடு பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். 2024இல் வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்களுக்கு ஒரு வருடம் அனுமதி நிறுத்தி வைத்திருந்தார்கள். கடலடிப் படம் நீர்மூழ்கிக் கப்பலுக்கும் உதவும், வலை போடுகிறவனுக்கும் உதவும். எங்களுடையது கதிரையில் இருந்து கதைக்கிற கூட்டம், கப்பல் வராது, கருவி எதுவும் தண்ணீரில் இறங்காது என்று நாலு தரம் எழுதிக் கொடுத்த பிறகுதான் கோப்பு அசைந்தது. இனி இப்படி ஒன்றைச் செய்ய நினைக்கிறவர்கள் அந்த வரியை முதற் கடிதத்திலேயே போடுங்கள்.

ஆனால் எங்கள் நிகழ்ச்சிநிரலை மாற்றினது அனுமதிப் பிரச்சினை இல்லை. விருந்தினரைக் கூட்டிப்போகப் படகு கேட்டுக் குருநகர் இறங்குதுறைக்குப் போனோம். அங்கே எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு ஐயா வலை பொத்திக்கொண்டிருந்தார். கூட்டம் எதைப் பற்றியது என்று கேட்டார். உலகக் கடல் ஆழ வரைபடத்தைக் கைபேசியில் திறந்து, மண்டைதீவுக்குத் தெற்கே விரலை வைத்துக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இது எந்த மாசத்து ஆழம், தம்பி?"

"சராசரிக் கடல் மட்டத்தில இருந்து கணக்குப் பாத்துப் போடுறது, ஐயா."

"அது தண்ணிக்குக் கணக்கு. மண்ணுக்கு?"

எனக்குப் பதில் வரவில்லை. வாடைக்கு ஒரு பக்கம் கிடக்கிற மணல் சோளகத்துக்கு மற்றப் பக்கம் போய்விடும் என்றும், போன வருடம் மூன்று பாகம் ஆழம் கிடந்த இடத்தில் இப்போது இரண்டரைப் பாகம்தான் என்றும் சொன்னார். படகுக்குள்ளே இருந்து ஒரு கயிற்றை எடுத்துக் காட்டினார். பாகத்துக்கு ஒரு முடிச்சு, நுனியில் ஈயக்குண்டு. அவருடைய தகப்பனும் இப்படித்தான் வைத்திருந்தாராம்.

நான் கைபேசியில் காட்டின அந்த உலக வரைபட முயற்சியை 1903இல் தொடக்கி வைத்தவர் மொனாக்கோ இளவரசர் முதலாம் அல்பேர்ட். அதை ஜெப்கோ என்று சொல்வார்கள். 2017இல் ஜப்பானின் நிப்பொன் மன்றத்தோடு சேர்ந்து, 2030க்குள் உலகக் கடலடி முழுவதையும் அளந்து முடிக்கிறது என்று இலக்கு வைத்தார்கள். 2025 ஜூனில் வெளியான கணக்கின்படி அளந்து முடிந்தது 27.3 வீதம். மிச்ச இடங்களில் நாங்கள் காண்கிற நீல நிறம் பெரும்பாலும் செய்மதித் தரவிலிருந்து ஊகித்தது. இவ்வளவு வேலை கிடக்கிற துறைக்குக் குருநகர்க் கேள்வி சின்னதாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை. எங்கள் முதல் நிகழ்ச்சிநிரலில் ஆழ்கடலுக்கு ஐந்து அமர்வு இருந்தது, கரையோரத்துக்கு அரை அமர்வு.

பாஷையூர்ப் பொடியன்

அண்ணை, எழுதினதுக்கு நன்றி. எனக்குச் சந்தோசமும் இருக்கு, பயமும் இருக்கு. ரெண்டையும் சொல்லுறன்.

சில வருசத்துக்கு முதல் ஒரு திட்டத்துக்கெண்டு அளக்க வந்த ரெண்டு பேர் அப்பாவின்ர படகை நாலு நாள் வாடகைக்கு எடுத்தவை. நல்ல மனிசர். அப்பா எங்க எங்க மீன் கூடுற கல்லுப்பார் கிடக்கு, எங்க சேறு, எங்க சாதாழை எண்ட கடற்புல் எண்டு காட்டிக் குடுத்தார். கோயில் கோபுரத்தையும் ஒரு தனிப் பனையையும் நேர்ப்படுத்தித்தான் அவர் அந்த இடங்களைப் பிடிக்கிறவர். அவை ஒவ்வொண்டையும் ஜீபிஎஸ்ஸில குறிச்சுக்கொண்டு போச்சினம். போனதுதான். அறிக்கையும் வரேல்லை, படமும் வரேல்லை, ஒரு ரெலிபோன் அழைப்பும் இல்லை. அப்பா இப்பவும் இருந்திட்டு "அந்தப் பொடியள் என்ன செய்தாங்களோ" எண்டு கேப்பார்.

பார் எண்டது எங்களுக்குத் தோட்டம் மாதிரி. அந்த இடத்தைத் துல்லியமாப் படத்தில போட்டு உலகத்துக்குத் திறந்து விட்டா ஆர் முதல்ல வருவினம் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. கடலடியை வழிச்சுக்கொண்டு போற அடிமடி இழுவையை இந்த நாட்டில 2017இல சட்டம் போட்டுத் தடுத்தாச்சு. ஆனா இரவில கடலுக்கு நடுவில இழுவைப் படகின்ர வெளிச்சம் இப்பவும் வரிசையாத் தெரியுது. எங்கட வலையள் அறுபட்டுப் போறதும் நிக்கேல்லை.

அதுக்காகப் படமே வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. இழுவை மடி நிலத்தைக் கிழிச்ச தடத்தைக் காட்டக்கூடியதும் அதே கருவிதான் எண்டு கேள்விப்பட்டன். அப்பிடியெண்டா அது எங்களுக்குச் சாட்சி. எந்த நுணுக்கத்தில வெளியிடுறது, ஆரைக் கேட்டு வெளியிடுறது எண்டதைக் கூட்டத்தில கதையுங்கோ. கடற்தொழிலாளர் சங்கத்தில இருந்து ஆக்களைக் கூப்பிட்டுப் பின் வாங்கில இருத்தாதேங்கோ.

வல்வைக்காற்று (ரொறன்ரோ)

தம்பி சொன்னது சரி. ஒலியால் கடலடியைப் படம் பிடிக்கிற பக்கக் கதிர் சோனார் ஓட்டினால் இழுவைத் தடம் சேற்றில் கோடு கோடாகத் தெரியும். நான் பதினொரு வருடம் அளவைக் கப்பல்களில் வேலை செய்தேன். நூற்றுக்கணக்கான தடங்களைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பண்ணைக்கரை, கரையோரத்துக்கு அரை அமர்வு போதாது என்பதற்குத் தொழில்ரீதியான காரணம் ஒன்றும் இருக்கிறது. பல்கற்றை எதிரொலிமானி கப்பலின் அடியிலிருந்து விசிறி மாதிரி ஒலியை விரிக்கும். அந்த விசிறி நிலத்தில் விழுகிற அகலம் சாதாரணமாக ஆழத்தின் மூன்று நாலு மடங்கு. நாலாயிரம் மீற்றர் ஆழத்தில் ஒரு ஓட்டத்தில் பன்னிரண்டு கிலோமீற்றருக்கு மேல் அள்ளலாம். கடல்நீரில் ஒலி செக்கனுக்கு 1500 மீற்றரளவில் போகும், கீழே போய்த் திரும்பி வர ஐந்து செக்கனுக்கு மேல் எடுக்கும். இரவுக் காவலில் அந்த ஐந்து செக்கன் இடைவெளியைக் கேட்டுக்கொண்டிருப்பதே ஒரு தனி அனுபவம். பாக்கு நீரிணையில் ஆழம் பத்து மீற்றர் என்றால் அகலம் முப்பது, நாற்பது மீற்றர்தான். ஒரு கிலோமீற்றர் அகலத்தை மூட, விசிறியின் ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழ, முப்பது தரத்துக்கு மேல் ஓட வேண்டும். வயல் உழுகிற வேலை. ஆழம் குறையக் குறைய நாளும் செலவும் ஏறும். அதனால்தான் பெரிய கப்பல்கள் எங்கள் பக்கத்தை ஒதுக்கிவிட்டுப் போகின்றன.

மலேசிய விமானம் எம்எச் 370ஐத் தேடும்போது தெற்கு இந்து சமுத்திரத்தில் 1,20,000 சதுர கிலோமீற்றர் கடலடியைச் சோனாரால் துருவினார்கள். விமானம் கிடைக்கவில்லை. ஆனால் அதற்கு முதல் ஒருவரும் காணாத மலைகளும் பிளவுகளும் படத்தில் வந்தன, தரவும் பொதுவில் கிடைக்கிறது. அவ்வளவு தூரத்து ஆழ்கடல் துல்லியமாகத் தெரிகிறது, ஊர்காவற்றுறைக்கு முன்னால் கிடக்கிற கடல் தெரியவில்லை.

என் பிழை ஒன்றையும் எழுதுகிறேன். ஒரு ஆற்று முகத்தில் மழைக்குப் பிறகு அளந்தோம். மேலே நன்னீர்ப் படை, கீழே உப்புநீர். ஒலியின் வேகம் படைக்குப் படை மாறும், அதனால் கதிர் வளையும். நான் காலையில் எடுத்த வேக அளவையே பின்னேரம் வரைக்கும் பாவித்தேன். தட்டையான நிலத்தின் இரண்டு ஓரமும் மேலே சுருண்டு, படம் முழுக்கக் கிண்ணம் கிண்ணமாக வந்தது. ஒரு நாள் வேலை போனது. மழைக்குப் பிறகு யாழ்ப்பாணக் கடல்நீரேரியை அளக்கிறவனுக்கு இதேதான் நடக்கும். அந்த ஐயா கேட்ட 'எந்த மாசத்து' என்ற கேள்வி ஒலிக்கும் பொருந்தும்.

நியூ ஹாம்ஷயர் பல்கலைக்கழகத்தில் 2004 தொடக்கம் ஜெப்கோவுக்காக ஒரு பயிற்சி நடக்கிறது. பல நாட்டுப் பிள்ளைகள் ஒரு வருடம் படித்துப் போவார்கள். அதன் பழைய மாணவர் அணிதான் 2019இல் கடலடியை அளக்கிற எக்ஸ்பிறைஸ் போட்டியில் நாலு மில்லியன் டொலர் முதற் பரிசு எடுத்தது. அவர்களில் சிலரைக் கட்டாயம் கூப்பிடுங்கள். அங்கே படிப்பித்த ஒருவரோடு ஒரே கப்பலில் போனேன். எந்த ஊர் என்று கேட்டார். வல்வெட்டித்துறை என்றேன், அங்கே கட்டின அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் மசாசூசெற்ஸின் குளொஸ்ரர் துறைமுகத்துக்கு வந்தது என்றும் சொன்னேன். குளொஸ்ரர் அவருக்கு ஒரு மணித்தியாலப் பயணம். அடுத்த விடுமுறையில் அங்கே போய் விசாரித்துவிட்டு எனக்குக் கடிதம் போட்டார். அப்படிப்பட்டவர்கள் யாழ்ப்பாணம் வருவார்கள், தங்கள் காசில்கூட வருவார்கள்.

நல்லூர் வீதி

நான் மொழிபெயர்ப்பாளர். இதுக்கு முதல் கடல்சார் பயிற்சிப் பட்டறை ஒன்றில் இரண்டு நாள் இருந்தேன். முதல் நாள் தோல்வி என்றுதான் சொல்ல வேண்டும். சொற்களஞ்சியத்தில் இருந்த தமிழை அப்படியே சொன்னேன். 'படிவு', 'அடித்தள உருவவியல்' என்றெல்லாம் சொல்லச் சொல்ல, முன்னால் இருந்த கடற்தொழிலாளர் ஒருவர் பின் ஒருவராக எழுந்து வெளியே போய்விட்டார்கள்.

தேநீர் இடைவேளையில் ஒரு அம்மா, நண்டு பொறுக்கிறவர், என்னைத் தனியாகக் கூப்பிட்டு "பிள்ளை, சேறு எண்டா சேறு எண்டு சொல்லுங்கோவன்" என்றார். அன்றிரவு இருந்து, அவர்களிடமே கேட்டு ஒரு தாளில் எழுதினேன். பார், மடு, சேறு, மணல், கல், சாதாழை, பாகம். இரண்டாம் நாள் எழுந்து போனவர்கள் பேசத் தொடங்கினார்கள். பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த நீளம் என்று ஒருவர் நின்று கையை விரித்துக் காட்டினார். ஆங்கிலத்தில் ஆழத்துக்குச் சொல்கிற 'ஃபதம்' என்ற சொல்லும் பழைய ஆங்கிலத்தில் விரித்த கைகளைத்தான் குறித்தது என்று வெளிநாட்டு விரிவுரையாளர் சொன்னார். அதை மொழிபெயர்க்கும்போது எனக்குக் குரல் தழுதழுத்தது. இரண்டு பேரும் ஒரே மாதிரிக் கையை விரித்துக்கொண்டு நின்றார்கள்.

ஒழுங்கு செய்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பேச்சாளரின் படவில்லைகளை இரண்டு கிழமைக்கு முன்னரே எங்களுக்குத் தாருங்கள். காலையில் வந்து கையில் தந்தால் நல்ல தமிழ் வராது.

மணற்காட்டான்

2004 மார்கழி 26 சுனாமி நடக்கும்போது எனக்குப் பதினாறு வயசு. வடமராட்சி கிழக்கு. அதைப் பற்றி நீட்டி எழுத இப்பவும் ஏலாது.

அடுத்த வருசம் ரெண்டு வெளிநாட்டு ஆய்வாளர் வந்து சுவரில தண்ணி நிண்ட அடையாளத்தை ஒவ்வொரு வீட்டிலயும் அளந்தவை. நான்தான் வீடு வீடாக் காட்டிக்கொண்டு போனனான். ஒரு இடத்தில என்னைவிட உயரம், கொஞ்சத் தூரம் தள்ளி மற்ற இடத்தில இடுப்பு. ஏன் இப்பிடி எண்டு கேட்டன். கரைக்கு வெளியில கடலடி எப்பிடிக் கிடக்கு எண்டதில கன விசயம் தங்கியிருக்கு எண்டு அவையில ஒருத்தர் மண்ணில கீறிக் காட்டினவர். நாலாயிரம் மீற்றர் ஆழத்தில அலை மணிக்கு 700 கிலோமீற்றர் வேகத்தில வரும், பத்து மீற்றர் ஆழத்துக்கு வரேக்க 36 கிலோமீற்றருக்கு இறங்கும், பின்னால வாற தண்ணி நெருக்கி எழும்பும். நிலம் வளைஞ்சு கிடந்தா அலையும் வளைஞ்சு ஒரு இடத்தில குவியும். பிறகு என்னைக் கேட்டார், இந்தக் கரைக்கு வெளியில ஆழம் எப்பிடி எண்டு. நான் அப்பாவைக் கேட்டுச் சொல்ல வேணும். அப்பா அப்ப இல்லை.

அந்த ஒரு கேள்வியாலதான் நான் பிறகு பௌதிகவியல் படிச்சனான். உங்கட மூண்டு நாளில ஒரு அரை நாளை எங்கட கரைக்குத் தாங்கோ. பஸ் ஒண்டு பிடிச்சா ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள வந்திடலாம்.

கொக்குவில் அக்கா

கூட்டங்களுக்குச் சமைத்துக் கொடுத்த அனுபவத்தில் சொல்கிறேன். ஒடியற்கூழ் கட்டாயம் வையுங்கோ, ஆனால் நண்டு, இறால் ஒத்துக்கொள்ளாதவர்கள் யார் என்று பதிவுப் படிவத்திலேயே கேளுங்கோ. ஒரு தரம் கேட்காமல் விட்டு ஒருவரை இரவோடு இரவாக வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடினோம். இறங்குதுறைக்குக் கூட்டிப்போகும்போது பெண்களுக்கு மலசலகூடம் எங்கே என்பதையும் முதலே பாருங்கோ.

பண்ணைக்கரை

எல்லோருக்கும் நன்றி. நேற்றுக் குழு கூடி இந்தப் பதிவுகளை வாசித்தது. ஆழ்கடலுக்கு மூன்று அமர்வு, இரண்டாம் நாள் முழுக்கக் கரையோரத்துக்கு. அன்றைய முதல் அமர்வுக்குத் தலைப்பு 'எந்த மாசத்து ஆழம்?' இரண்டாவது, பாஷையூர்த் தம்பி கேட்டபடி, எதை எவ்வளவு நுணுக்கமாக வெளியிடுகிறது என்பது பற்றி. மணற்காட்டுத் தம்பி, மூன்றாம் நாள் காலை பஸ் உங்கள் கரைக்கு வரும். அலையைப் பற்றி நீங்கள் பேசுங்கள், உங்களுக்கு விருப்பமில்லையென்றால் நாங்கள் கேட்கமாட்டோம். படவில்லைகளுக்குக் கடைசித் திகதி போட்டாயிற்று, படிவத்தில் உணவுக் கேள்வியும் சேர்த்தாயிற்று.

குருநகர் ஐயாவிடம் போன ஞாயிறு போய்க் கேட்டேன். விடிய வலை ஏற்றி, மீனைக் கொடுத்து முடியப் பத்து மணியாகும் என்றார். அதனால் அவருடைய அமர்வைப் பதினொரு மணிக்கு மாற்றியிருக்கிறோம். கயிற்றைக் கொண்டுவருவார்.

பாஷையூர்த் தம்பி, சங்கத்திலிருந்து மூன்று பெயரை வெள்ளிக்கிழமைக்கு முன் அனுப்புங்கள். அழைப்பிதழ் திங்கள் அச்சுக்குப் போகிறது, பேச்சாளர் வரிசையில் அவர்களின் பெயரும் வரவேண்டும். உங்கள் அப்பா வரச் சம்மதித்தால் அவரே முதற் பெயர். அன்றைக்கு அளக்க வந்த அந்த இருவரையும் தேடிக்கொண்டிருக்கிறேன்.