டார்செட் கிராமத்தில் புனித வைட்டின் கல்லறை

இங்கிலாந்தில் புனிதர்களின் தலங்கள் என்றதும் லிண்டிஸ்பார்ன், டர்ஹம் என்று பெரிய இடங்களை எல்லாரும் எழுதிவிட்டீர்கள், நான் ஒரு சின்ன ஊரைச் சொல்கிறேன். தென்கடலோர மாவட்டமான டார்செட்டில் விட்சர்ச் கனானிகோரம். சார்மத் கடற்கரையிலிருந்து உள்நாட்டுப் பக்கம் திரும்பினால், எதிரே கார் வந்தால் யாராவது ஒருவர் பின்னால் எடுத்தே ஆகவேண்டிய குறுகலான பாதைகள். அதில் மெதுவாக ஓட்டிக்கொண்டு போனால் அந்த ஊருக்குக் கொஞ்சமும் பொருந்தாத அளவில் ஒரு ஆலயக் கோபுரம் தெரியும்.

உள்ளே வடக்குச் சிறகில் வைட் என்ற பெண் புனிதரின் 13ஆம் நூற்றாண்டுக் கல்லறை. அலங்காரம் எதுவும் இல்லை. கீழ்ப்பகுதியில் நீள்வட்டமாக மூன்று துளைகள், அவ்வளவுதான். நோயாளிகள் வலிக்கிற கையை, காலை அதற்குள் விட்டு வேண்டிக்கொள்வார்களாம், வரமுடியாதவர்களுக்காகத் துணியை வைத்து எடுத்துப் போவார்களாம். நான் போனபோது துளைகளுக்குள் மடித்த காகிதங்களும் அட்டைகளும் கிடந்தன. ஒன்று பிரிந்திருந்தது, படிக்கக்கூடாது என்று நினைப்பதற்குள் 'கீமோதெரபி' என்ற சொல் கண்ணில் பட்டுவிட்டது. இத்தனைக்கும் இது ஆங்கிலிக்கன் ஆலயம், அதாவது ரோமிலிருந்து பிரிந்த இங்கிலாந்துத் திருச்சபையுடையது! இந்த மாதிரி வழிபாட்டை எல்லாம் ஒழிக்கத்தான் எட்டாம் ஹென்றி ஆட்சியில் புனிதர்களின் கல்லறைகளை உடைத்தார்கள், காண்டர்பரியில் பேராயர் தாமஸ் பெக்கட்டின் கல்லறையே 1538இல் போய்விட்டது. எலும்புகளோடு இன்றும் இருப்பவை என்று பொதுவாக இரண்டைத்தான் சொல்வார்கள்: வெஸ்ட்மின்ஸ்டரில் புனிதரான எட்வர்ட் அரசருடையது, அப்புறம் இது. அவர் ராஜா, சரி. இந்த அம்மா எப்படித் தப்பினார்? பொன்னும் மணியும் இல்லாத வெறும் கல்பெட்டியை உடைத்து என்ன கிடைக்கப்போகிறது என்று விட்டிருப்பார்கள் என்பது என் ஊகம்.

உள்ளே நிஜமாகவே எலும்பு இருக்கிறதா என்ற கேள்விக்கு 1900இல் பதில் கிடைத்தது. விரிசல் விட, கல்லறையைத் திறக்க வேண்டி வந்தது. ஈயப் பெட்டி ஒன்று, அதன்மேல் 'இங்கே புனித வைட்டின் எச்சங்கள் இளைப்பாறுகின்றன' என்று லத்தீனில் எழுத்து, உள்ளே சுமார் 40 வயதுள்ள, சிறிய உடல்வாகு கொண்ட ஒரு பெண்ணின் எலும்புகள். திரும்ப அங்கேயே வைத்துவிட்டார்கள். ஆனால் அவர் யார்? டேனியக் கடற்கொள்ளையர் கொன்ற சாக்சன் பெண் துறவி என்கிறது ஒரு கதை, பிரான்சின் பிரிட்டனியிலிருந்து வந்த இளவரசி என்கிறது இன்னொன்று. எனக்கு முதல் கதைதான் நம்பும்படி இருக்கிறது, கடல் அவ்வளவு பக்கம்.

போகிறவர்கள் கல்லறைத் தோட்டத்தையும் பார்த்துவிடுங்கள். 1978இல் லண்டன் வாட்டர்லூ பாலத்தருகே குடைமுனையால் ரிசின் விஷம் செலுத்திக் கொன்றதாகச் சொல்வார்களே, பல்கேரிய எழுத்தாளர் கியோர்கி மார்கோவ், அவரும் இங்கேதான் அடக்கம். மொர்கம்பலேக் என்ற ஊர்ப் பக்கத்தில் வைட்டின் பெயரில் ஒரு ஊற்று இருக்கிறது, கண்நோய்க்கு நல்லதாம். அதற்கு எனக்கு நேரமில்லை. போனவர்கள் யாராவது இருந்தால் வழி எப்படி, மழையில் சேறாகுமா என்று எழுதுங்கள். ஜூன் 1 அவருடைய திருநாள், அன்றைக்குப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.