சுருள்நாடா: இடையளவு எடுக்கும் டேப்புக்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

போன வாரம் கேட்ட சொல்லுக்கு வந்த மறுமொழிகளுக்கு நன்றி. புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒருமுறை: சிங்கப்பூரில் ஓர் உடல்நல ஆய்வு. அதில் சேர்பவர்களுக்கு வீட்டுக்கே ஒரு டேப் அனுப்பிவிடுவார்கள். அவர்களே இடையை அளந்து எழுதி அனுப்பவேண்டும். எப்படி அளப்பது என்று சொல்லும் தமிழ்த் தாள் என் பொறுப்பு. உள்ளங்கையில் அடங்கும் வட்டக் கூடு. இழுத்தால் நாடா வரும், பொத்தானை அழுத்தினால் விர்ரென்று உள்ளே ஓடிவிடும். அதற்குத்தான் பெயர் தேடுகிறோம்.

"அளவுநாடா போதுமே" என்று இருவர் எழுதியிருந்தீர்கள். போதும்தான், வீட்டில் வேறு டேப் இல்லாவிட்டால். ஆனால் இங்கே தேக்கா சந்தை மாடியில் தைக்கக் கொடுத்துப் பழகிய எல்லார் வீட்டிலும் தையல் டேப் ஒன்று கிடக்கிறது. பழைய துணி டேப் நாளடைவில் இழுபட்டு நீண்டுவிடும். நீண்ட டேப் இடையைக் குறைத்துக் காட்டும். அதனால் "தையல் டேப் வேண்டாம், நாங்கள் அனுப்பியதையே பயன்படுத்துங்கள்" என்று தாளில் ஒரு வரி உண்டு. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் அந்த வரி என்ன சொல்லும்?

அதிக ஆதரவு "உள்ளிழு நாடா"வுக்குத்தான். எனக்கும் முதலில் பிடித்திருந்தது. வரைவை எங்கள் புளோக்கிலேயே இருக்கும் அத்தை ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். "உள்ளிழு நாடாவை இடையைச் சுற்றிப் பிடித்து" என்ற இடம் வந்ததும் வயிற்றை எக்கி உள்ளே இழுத்துக்கொண்டார்! அடுத்த வரியே "வயிற்றை உள்ளிழுக்காதீர்கள், இயல்பாக மூச்சு விட்டு முடியும் நேரத்தில் அளவைப் பாருங்கள்" என்பதுதான். செய்யக்கூடாததையே கருவிக்குப் பெயராக வைக்க எனக்குத் துணிவில்லை.

"தானியங்கி நாடா" வேண்டாமே. உள்ளே இருப்பது ஒரு சுருள்வில், அவ்வளவுதான். எங்கே பேட்டரி போடுவது என்று கேட்பார்கள்.

இங்கே தாள் நான்கு மொழிகளில் வருவதால் பக்கத்து மேசையை எட்டிப் பார்க்கும் வசதி உண்டு. மலாயில் 'பித்தா உக்கூர்' என்று இரண்டையும் ஒன்றாகவே சொல்லிவிடுகிறார்கள். சீனத்தில் பிரித்திருக்கிறார்கள். தையல் டேப் 'மென்கோல்'. கூட்டுக்குள் போவது 'சுருள்கோல்'. அதைக் கேட்டதும்தான் எனக்குத் தோன்றியது: சுருள்நாடா. சரிதானா?

*

தம்பிக்கு,

சொல் நன்று. ஆனால் புணர்ச்சி விதியைப் பார்த்தால் வாள், நுதல் சேர்ந்து வாணுதல் ஆவதுபோல் இது சுருணாடா ஆகவேண்டும். பயப்படாதீர்கள், நான் வற்புறுத்தப் போவதில்லை. யாராவது சொல்வதற்குமுன் நானே சொல்லிவைக்கிறேன்.

நீங்கள் கவனித்தீர்களோ என்னவோ, இது வினைத்தொகையாகவும் நிற்கும். சுருண்ட நாடா, சுருள்கிற நாடா, சுருளும் நாடா. இழுத்துப் பிடித்திருக்கும்போதும் அது சுருளத்தானே காத்திருக்கிறது? "சுருட்டு" என்று போட்டால் யாரோ சுருட்டவேண்டும் (வேறொரு நாற்றமும் வரும்). "சுருள்" தானே சுருள்வது. நாடா வடக்கிலிருந்து வந்த சொல் என்று சிலர் கிளம்புவார்கள். பாவாடைக்குள் புகுந்து இத்தனை காலமானதை இனி உருவ முடியாது.

என் ஐயம் வேறு. தச்சர் வைத்திருக்கும் எஃகு டேப்பும் சுருள்வதுதானே? அதை எடுத்து யாராவது இடுப்பைச் சுற்றினால்?

*

ஐயா, வணக்கம்.

எஃகு டேப்பை நான் மறந்தே போனேன். முதலில் வரும் இடத்தில் "உடலளவுச் சுருள்நாடா" என்று முழுதாகவும், அப்புறம் சுருள்நாடா என்று மட்டுமாகவும் எழுதிவிடலாமா? பக்கத்தில் படமும் இருக்கும்.

ஆனால் உங்கள் கடைசி வரியில் பெரிய வம்பு ஒன்று வந்துவிட்டது: "இடுப்பைச் சுற்றினால்" என்றீர்கள். நாம் பேச்சில் எல்லாவற்றையும் இடுப்பு என்கிறோம். இந்த ஆய்விலோ இரண்டு அளவு. ஒன்று, கடைசி விலா எலும்பின் கீழ் விளிம்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே எடுப்பது. மற்றது, பின்புறம் மிக அகன்ற இடத்தில் எடுப்பது. முன்னதை இடை, பின்னதை இடுப்பு என்று பிரித்திருக்கிறேன். ஆனால் "இடை" என்றால் பாட்டில் வரும் இடை என்று அத்தை சிரிக்கிறார். பாவாடை நாடா கட்டும் இடத்திலேயே அளந்துவிடுகிறார். அது நடுப்புள்ளிக்குக் கீழே.

இடையளவில் ஆசியர்களுக்குப் பொதுவாக ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் என்று வரம்பு வைத்துப் பார்க்கிறார்கள். நாடா இரண்டு விரற்கடை இறங்கினாலே ஒருவர் கோட்டுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போய்விடலாம். இருமுறை அளக்கச் சொல்வதும் இதற்காகத்தான். இரண்டுக்கும் வேறுபாடு 1 சென்டிமீட்டருக்குள் இருந்தால் சராசரி, கூடினால் மீண்டும் முதலிலிருந்து.

இன்னொன்றும் பாக்கி. உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலில் நாடா நீளாததாகவும், 100 கிராம் அளவுக்கு ஒரே சீரான இழுப்பைத் தருவதாகவும் இருக்கவேண்டும் என்கிறார்கள். அந்த இழுப்புக்கு "இழுவிசை" என்று பாடநூல்போல எழுதாமல், "தோலில் படியவேண்டும், பதியக்கூடாது" என்று விட்டுவிட்டேன். படிதல், பதிதல் இரண்டும் அத்தைக்கு உடனே புரிந்தன.

வெள்ளிக்கிழமை தாள் அச்சுக்குப் போகிறது. மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள். அத்தையிடம் சுருள்நாடா என்று சொல்லிப் பார்த்தேன். பொத்தானை அழுத்தி, நாடா தலையை உள்ளே இழுத்துக்கொள்வதைப் பார்த்துவிட்டு, "ஆமை டேப்புன்னு போடு, எல்லாருக்கும் விளங்கும்" என்றார்.

அதையும் பட்டியலில் சேர்த்திருக்கிறேன்.