கையை விட்டுக் குசினியைப் பார்த்தவர்: ஓ.டி. அனுபவங்கள்

கொக்கட்டிச்சோலையான்:
அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து வலக்கை விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பிசியோ பார்த்தவர் கையையும் காலையும் அசைக்கப் பழக்கினார். அது எங்களுக்கு விளங்கிய விசயம். மறுகா வீட்டுக்கு வந்தவர் வேறு ஆள். தொழில்வழிச் சிகிச்சையாளராம், சுருக்கமாக ஓ.டி. அவர் அம்மாவின் கையைவிடக் குசினியைத்தான் அதிக நேரம் பார்த்தார். "வருத்தம் வர முதல் இந்தக் குசினியில அம்மா என்னென்ன செய்வா?" என்று கேட்டார்.

பலகைத் துண்டொன்றில் துருப்பிடிக்காத ஆணி இரண்டைக் கூர் மேலே நிற்க அடிக்கச் சொன்னார். வெங்காயத்தை அதில் குத்திவிட்டால் இடக்கையால் மட்டுமே அரியலாம். வழுக்காமல் இருக்கப் பலகைக்கு அடியில் ஈரத்துணி. வலக்கையில் கொஞ்சம் பிடி வந்ததும் அகப்பைக் காம்பில் பழைய சைக்கிள் டியூபைத் தடிப்பாகச் சுற்றினோம். சட்டை போடும்போது விழுந்த கை முதலில், கழற்றும்போது நல்ல கை முதலில். காசு செலவில்லாத வைத்தியம்!

கஷ்டம் சொந்தக்காரர்களால்தான் வந்தது. "வருத்தக்காரிய வேலை வாங்குதுகள்" என்று ஊரெல்லாம் கதை. அக்காவே கத்தியைப் பறித்துவிடுவா. ஓ.டி. அவவை இருத்தி வைத்துக் கதைத்தார்: "நீங்க எல்லாம் செய்து குடுத்தா அம்மாக்குச் சுகம்தான் தங்கச்சி. ஆனா இந்த வீட்டில அவக்கு என்ன வேலை மிச்சம்?" அக்கா அழுதுவிட்டா. இப்போது அம்மா உப்புக் கூடிப்போச்சு என்று அக்காவையே ஏசுகிறா.

மருதமுனை மகள்:
என் வாப்பாவுக்குச் சீனி வருத்தத்தால் முழங்காலுக்குக் கீழே ஒரு காலை எடுத்தார்கள். ஆள் கைத்தறி நெசவு. தறியில் மிதி மிதிக்கக் கால் வேணுமே. வந்த ஓ.டி. தம்பி, நூல் சுற்றும் வேலைக்கு மாறலாமே என்றார். வாப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எங்கள் வீட்டில் அது உம்மாவும் நாங்களும் செய்கிற வேலை. அந்தத் தம்பி அதற்குமேல் வற்புறுத்தாதது எனக்குப் பிடித்தது. "சரி வாப்பா, தறிதானே வேணும்" என்று பக்கத்தில் குந்தியிருந்து அவர் நெய்வதைப் பார்த்தார். அப்புறம் இருக்கைப் பலகையை உயர்த்தி, செயற்கைக் கால் வழுக்காதபடி மிதியில் ரப்பர் அடித்துக் கொடுத்தார். முந்திய வேகம் இல்லை. ஆனால் சாரன் வாப்பாவின் கையால் இறங்குகிறது.

முதல் உலகப்போரில் காயப்பட்ட படையினருக்கு ஆஸ்பத்திரிகளில் நெசவும் கூடை பின்னலும் பழக்கித்தான் இந்தத் துறையே வளர்ந்ததாம். அங்கே தறி மருந்தாக இருந்தது. எங்களுக்கு அது சோறு.

கிழக்கில் வேலை செய்யும் ஓ.டி.:
இரண்டு பதிவும் வாசித்தேன். வீட்டுக்குள் நடப்பதை எழுதியிருக்கிறீர்கள், நான் வாசலுக்கு வெளியே நடப்பதைச் சொல்கிறேன். போரில் முதுகெலும்பில் காயப்பட்ட ஒருவர், சக்கர நாற்காலியில் தன் அலுவல் எல்லாம் தானே பார்ப்பார். ஓர் அலுவலகத்தில் கையெழுத்து வைக்கப் போனால் படிகளில் நாலுபேர் தூக்க வேண்டும். "நான் என்ன நெல்லு மூட்டையா?" என்று ஒருநாள் திரும்பி வந்துவிட்டார். இலங்கையில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைச் சட்டம் 1996இலேயே வந்தது. பொதுக் கட்டடங்களுக்கான அணுகல் விதிகள் 2006இல். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை நாடு ஏற்றது 2016இல். படி மட்டும் அப்படியே கிடந்தது.

அவரும் சங்கத்து ஆட்களும் கடிதம் எழுதி எழுதி, கடைசியில் சாய்வுப்பாதை கட்டினார்கள். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளமாவது வேண்டும். அவர்கள் கட்டியது ஐந்தடிகூட வராது, மேலே தள்ளினால் நாற்காலி பின்னால் சரிகிறது. இப்போது அதில் மோட்டார் சைக்கிள் ஏற்றுகிறார்கள். அடுத்த கடிதத்தில் அளவுப்படமும் போட்டு அனுப்பியிருக்கிறோம்.

கொக்கட்டிச்சோலையான்:
அந்த அளவுப்படத்தை இங்கேயும் போடுங்கள். எங்கள் பள்ளிக்கூட வாசலிலும் அதே படிதான்.