ஊதா இலை பீச்: இலை ஓரம் கருகுகிறது, அடியில் பச்சைக் கிளை

வேலியோரம்:
இங்கிலாந்து, கென்ட் பக்கம், களிமண். போன நவம்பரில் வேலியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி 'டாயிக் பர்ப்பிள்' என்ற ரக பீச் மரம் (beech, பழம் தரும் பீச் அல்ல) ஒன்று வைத்தோம். தொட்டியில் வளர்ந்தது, ஆளுயரத்துக்குக் கொஞ்சம் மேல். வசந்தத்தில் துளிர்த்தபோது, பின்னாலிருந்து வெயில் பட்டால் இலையெல்லாம் திராட்சைச் சாறு நிறம். இப்போது ஜூலையில் இலை ஓரம் பழுப்பாகி, தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. தினமும் சாயங்காலம் தண்ணீர் தெளிக்கிறேன். தண்டின் அடியில் பச்சை இலையோடு ஒரு கிளை வேறு. மரம் பிழைக்குமா?

மண்வெட்டி:
தெளிப்பதுதான் சிக்கல் என்று நினைக்கிறேன். பீச் வேர் ஆழமாகப் போகாது, மேல்மண்ணில்தான் படரும், அதனால் சீக்கிரம் காய்ந்துவிடும், தண்ணீர் தேங்கினாலும் அழுகிவிடும். சுற்றிலும் களிமண் ஈரமாக இருக்கும்போதே தொட்டியிலிருந்து வந்த வேர்க்கட்டி உள்ளே காய்ந்து கிடக்கலாம். அந்தக் கட்டியின் ஓரத்தில் விரல் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் வாரம் இரண்டு தடவை, இரண்டு வாளி, மெதுவாக ஊற்றுங்கள். சேறாக இருந்தால் கொஞ்ச நாள் நிறுத்துங்கள்.

கொத்துமல்லி:
பச்சைக் கிளைக்குப் பயப்பட வேண்டாம் அக்கா, ஆனால் விட்டும் வைக்காதீர்கள். இது ஒட்டுக்கட்டிய மரம், வேர் சாதாரண பச்சை பீச்சுடையது. ஒட்டுக்குக் கீழே வருவதை விட்டால் அதுதான் ஓங்கி வளரும், இன்றே அடியோடு வெட்டுங்கள். தண்டு அகன்று வேராகப் பிரியும் இடம் வெளியே தெரிகிறதா? என் முதல் பீச்சை ஆழமாகப் புதைத்துத்தான் இழந்தேன், இரண்டு வருடம் மெல்ல மெல்ல வாடியது, இன்னும் மனசு ஆறவில்லை.

தென்றல்வாசல்:
வேலிக்கு ஒரு மீட்டர் போதவே போதாது. தூண் மாதிரி வளர்ந்தாலும் காலப்போக்கில் நாலைந்து மீட்டர் அகலம், இருபது மீட்டர் உயரம் வரை போகும். குளிர்காலத்தில் மரம் உறங்கும்போது தள்ளி நடுங்கள், அப்படியே நல்ல வெயில் படும் இடமாகப் பாருங்கள், நிழலில் ஊதா மங்கி பச்சை ஓடும். ஸ்காட்லாந்தின் டாயிக் தோட்டத்தில் 1860 வாக்கில் கண்டெடுத்த பச்சைத் தூண் பீச்சின் விதையிலிருந்து 1969இல் நெதர்லாந்தில் வந்த மரம் இது. இடம் கொடுத்தால் உங்கள் பேரப்பிள்ளைகளும் பார்ப்பார்கள்.

வேலியோரம்:
கிளையை வெட்டிவிட்டேன். தண்டைச் சுற்றி நாலு விரல் மண் ஏறியிருந்தது, கையாலேயே விலக்கினேன். வேர்க்கட்டி உள்ளே புழுதியாக இருந்தது. இரண்டு வாளி ஊற்றியாயிற்று, நவம்பரில் இடம் மாற்றுகிறேன்.