பெரூபியா, பின்னிங்டனா? 2018–19 ப்ளூஸ் சீசனும் அந்த 8-9-1 கணக்கும்

கோல்வலை:
பக்கத்து ஐஸ் ஹாக்கி இழையில ஒருத்தர் எழுதியிருக்கார்: "கிரெய்க் பெரூபி கோச்சா வந்த அன்னைக்கே செயின்ட் லூயிஸ் ப்ளூஸ் வேற அணி ஆயிடுச்சு. 2019 ஸ்டான்லி கோப்பை முழுக்க அவர் கைவண்ணம்." படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு. அன்னைக்கேயா? அவருக்கு முன்னாடி கோச்சா இருந்த மைக் யோவை 2018 நவம்பர் 19 ராத்திரி தூக்கினாங்க. அப்போ 19 ஆட்டம், 7-9-3 (வெற்றி, தோல்வி, ஓவர்டைம்லயோ ஷூட்அவுட்லயோ தோல்வி; வெற்றிக்கு 2 புள்ளி, கடைசி வகைக்கு 1), 17 புள்ளி. 2019 ஜனவரி 3 காலையில அணி 15-18-4, 34 புள்ளி, 31 அணியில கடைசி. கழிச்சுப் பாருங்க. பெரூபியோட முதல் 18 ஆட்டம் 8-9-1, அதே 17 புள்ளி. இதுவா வேற அணி? ஜனவரி 7, பிலடெல்பியா. கோல்கீப்பர் ஜோர்டன் பின்னிங்டன் என்ஹெச்எல்லில் (ஸ்டான்லி கோப்பை குடுக்குற வட அமெரிக்க லீக்) முதல் தடவையா ஆட்டத்தை ஆரம்பிக்கிறார். 3-0 ஷட்அவுட், ஒரு கோலும் விடல. அங்கேருந்து 24-5-1. கோப்பை வலையிலிருந்து வந்தது, பெஞ்சிலிருந்து வரல.

பெஞ்ச்பக்கம்:
கோல்வலை ஐயா கழித்தல் மட்டும் போட்டால் எப்படி, வகுத்தலும் போடுங்கள். பின்னிங்டன் 60 நிமிடத்துக்கு வாங்கிய கோல் 1.89, தடுப்பு விகிதம் .927. 1.89ஐ, தடுக்காமல் விட்ட பங்கான .073ஆல் வகுத்தால் 60 நிமிடத்துக்கு சுமார் 26 ஷாட். இன்னொரு கோல்கீப்பர் ஜேக் ஆலன் அந்த சீசன் முழுக்க 2.83, .905. அதையும் வகுத்தால் கிட்டத்தட்ட 30 ஷாட். யோ காலத்து ஆட்டங்களும் பெரூபியின் முதல் வாரங்களும் அந்த 30க்குள் இருக்கின்றன. நாலு ஷாட் எங்கே போனது? கோல்கீப்பர் ஷாட்டைத் தடுப்பார், எதிராளி ஷாட் அடிக்காமலே தடுக்க அவரால் முடியாது. அது முன்னால் நிற்கிற ஐந்து பேர் வேலை, அவர்களுக்கு வேலை சொல்லிக்கொடுத்தது பெரூபி.

கோல்வலை:
நல்ல கணக்கு, பாதியில நிறுத்திட்டீங்க. 26 ஷாட்டை ஆலனோட .905க்குக் குடுங்க. 2.47 கோல். அதாவது உங்க கோச் மிச்சம் பிடிச்சது 0.36. 2.47லிருந்து 1.89க்கு இறக்கினது 0.58, அது பின்னிங்டன். உங்க கணக்கிலேயே கோச் ரெண்டாம் இடம்.

இன்னொண்ணு. ஜனவரி 3லிருந்து அணி 30-10-5. அதுல பின்னிங்டன் 24-5-1. மிச்சம் 6-5-4, மொத்தமும் ஆலன், ஏன்னா இன்னொரு கோல்கீப்பர் சாட் ஜான்சன் டிசம்பர்லயே வெய்வர்ல (ஒரு அணி விடுற ஆளை இன்னொரு அணி எடுத்துக்கிறது) அனஹைம் போயாச்சு. அதே கோச், அதே ஃபோர்செக் (எதிராளி பகுதியிலயே நெருக்கிப் பறிக்கிற ஆட்டம்), அதே ஆளுங்க: ஒருத்தர் நின்னா 60க்கு 49 புள்ளி, இன்னொருத்தர் நின்னா 30க்கு 16. மறுபடி சொல்றேன், 8-9-1.

மிசூரிமணி:
ரெண்டு பேரும் ஒரு நிமிஷம். "கோச்சின் பங்கு"னு எதை எண்ணுறீங்க? புள்ளியா, ஷாட்டா, யாரை இறக்குறதுங்கிற முடிவா? பின்னிங்டனை வலையில நிறுத்தினதும் கோச் முடிவுதானே? அதைச் சொல்லாம எண்ணை வீசி என்ன பயன்? இன்னொரு பேர் யாருமே எடுக்கல. 2018 ஜூலை 1ல பஃபலோவிலிருந்து வந்த ரையன் ஓ'ரைலி. பிளேஆஃபில் (சீசன் முடிஞ்சு கோப்பைக்கு நடக்குற சுற்றுகள்) 23 புள்ளி, அதாவது கோலும் உதவியும் சேர்த்து. அதோட சிறந்த வீரருக்கான கான் ஸ்மைத் விருது அவருக்குத்தான்.

பெஞ்ச்பக்கம்:
ஓ'ரைலியைப் பிறகு பேசலாம். கோல்வலை அவர்களே, .927 தானாக வந்த எண் மாதிரி பேசுகிறீர்கள். தடுப்பு விகிதம் ஷாட் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. ஓரத்திலிருந்து வரும் ஷாட்டும், குறுக்கே பாஸ் போட்டு அடிக்கிற ஷாட்டும் ஒன்றல்ல.

பெரூபி என்ன ஆட வைத்தார் என்று கவனியுங்கள். நடுப்பகுதியான நியூட்ரல் ஜோனில் வழி அடைபட்டால் தூக்கிக்கொண்டு ஓடாதே, பக்கை (ஆடும் வட்டை) எதிரணி மூலையில் போடு. மூலையில்தான். நடுவில் பலமாக அடித்தால் எதிரணி கோல்கீப்பர் வலைக்குப் பின்னால் வந்து நிறுத்திக் கொடுத்துவிடுவார். மூலையில் விழுந்தால் வலைக்குப் பின்னால் கோல்கீப்பருக்கு எல்லை போடும் ட்ரெபிசாய்டு கோடு அவரைத் தொட விடாது. முதல் ஃபார்வர்டு டிஃபென்ஸ்மேனை ஒரு பக்கமாக ஒதுக்கி உடம்பால் முடிக்க வேண்டும். இரண்டாவது ஆள் சுவரோரம் வரும் பாஸை மறிக்க வேண்டும். மூன்றாவது ஆள் வலைக்கு நேர் முன்னால் இருக்கும் ஸ்லாட்டுக்கு மேலே உயரத்தில் நிற்க வேண்டும். அந்த மூன்றாவது ஆள் ஆசைப்பட்டு உள்ளே இறங்கினால் எல்லாம் போச்சு: எதிரணிப் பகுதியின் எல்லையான ப்ளூலைனிலிருந்து நம் டிஃபென்ஸ்மேன் பியட்ராஞ்சலோவோ பரைகோவோ பின்ச் பண்ணி (பக்கைப் பிடிக்க முன்னேறி) இறங்கும்போது பின்னால் காவல் இல்லை, எதிராளிக்கு இரண்டுக்கு ஒன்று. சீசன் தொடக்கத்தில் கோலாகப் போனதெல்லாம் இந்த மாதிரிதான். வேண்டுமானால் சண்ட்க்விஸ்ட், பார்பஷெவ், ஸ்டீன் இருந்த நாலாவது லைனைப் பாருங்கள். மூன்றாவது ஆள் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு அவர்கள்தான் பாடம். இதெல்லாம் ஒரு வாரத்தில் ஏறாது. உங்கள் 8-9-1, பழகிக்கொண்ட காலம்.

கோல்வலை:
பழகுற காலம் 18 ஆட்டம், சரி. அது கரெக்டா பின்னிங்டன் வந்த வாரத்துலயே முடிஞ்சுபோச்சா?

பெஞ்ச்பக்கம்:
கரெக்டாக இல்லை. ஜனவரி 3 அன்றே வாஷிங்டனை 5-2 என்று அடித்தார்கள். வலையில் ஆலன்.

கோல்வலை:
ரெண்டு நாள் கழிச்சு ஐலாண்டர்ஸ்கிட்ட 4-3 தோத்ததையும் சேர்த்து எழுதுங்க.

மூலைமுட்டு:
பிட்ஸ்பர்க் இழையிலும் கோல்வலை இதையேதான் பண்ணினார். 2015 டிசம்பரில் மைக் சல்லிவன் கோச்சாக வந்து முதல் 4 ஆட்டமும் தோற்றார். 2016 ஜூனில் கோப்பை. அந்த நாலு தோல்வியைப் பிடித்துக்கொண்டு சல்லிவன் ஒன்றும் செய்யவில்லை என்று ஒரு வாரம் வாதாடினார். அதே ராகம், ஊர்தான் வேறு.

கோல்வலை:
அந்த வாரம் நான் சொன்னது இன்னும் நிக்குது. பிட்ஸ்பர்க்லயும் யார் வலையில? மேட் மறே, அவரும் அறிமுக வீரர், அந்த பிளேஆஃபில் 15 வெற்றி. புது கோச், புது கோல்கீப்பர். கோப்பை மட்டும் கோச் பேர்ல எழுதிக்கிறாங்க.

மூலைமுட்டு:
அந்த அணியில் கிராஸ்பி, மால்கின் என்ற இரண்டு நட்சத்திரங்கள் இருந்தது மறந்துபோனதா?

பாஸ்டன்காரன்:
ரெண்டு பேரும் இல்லைங்க, நடுவர். ப்ளூஸும் எங்க பாஸ்டனும் ஆடின 2019 இறுதிப்போட்டி, அஞ்சாவது ஆட்டம், பாஸ்டன்ல. மூணாவது பீரியடு, 1-0 ப்ளூஸ். ப்ளூஸ் ஆள் டைலர் போசாக் எங்க நோயல் அச்சியாரி காலை வாரி விட்டார், நடுவர் கண்ணு முன்னாடி. விசில் இல்ல. சில விநாடியில டேவிட் பெரான் கோல், 2-0. ஆட்டம் முடிஞ்சது 2-1. மூணாவது ஆட்டத்தை 7-2ன்னு எடுத்தோம், பவர்பிளே (பெனால்ட்டியால எதிராளிக்கு ஒரு ஆள் கம்மியா இருக்குற நேரம்) நாலுக்கு நாலு கோல். உடனே பெரூபி பேட்டியில "முதல் மூணு சுற்றிலும் குறைவா பெனால்ட்டி வாங்கின அணி நாங்கதான்"னு புலம்பினார். அதுக்கப்புறம் நடுவர்கள் கை மேலே போகவே இல்ல.

பெஞ்ச்பக்கம்:
நடுவர் கதை பேச ப்ளூஸ் ரசிகர்களுக்கும் இருக்கிறது. இறுதிப்போட்டிக்கு முந்தைய சுற்றில் சான் ஹோசேவுடன் மூன்றாவது ஆட்டம், ஓவர்டைம். டிமோ மையர் கையால் தட்டிய பக் போய்ச் சேர்ந்து எரிக் கார்ல்சன் கோல் அடித்தார். விதிப்படி செல்லாத கோல், ரீவியூவும் கிடையாது. அழுதுகொண்டா உட்கார்ந்தார்கள்? அடுத்த மூன்று ஆட்டமும் வென்று தொடரை முடித்தார்கள், அதில் ஒன்று 5-0. அந்தத் தோல்விக்குப் பிறகு அணியை நிமிர்த்தியது யார்?

கோல்வலை:
யார்? தோல்விக்கு அடுத்த ஆட்டத்துல பின்னிங்டன் அந்த பிளேஆஃபில் 8-2. பாஸ்டன்காரரே, உங்களுக்கும் ஒண்ணு. 2017–18ல ப்ளூஸுக்குன்னு தனியா ஏஹெச்எல் (என்ஹெச்எல்லுக்கு அடுத்த படி லீக்) அணி இல்லாததால அவரை எங்கே அனுப்பினாங்க? பிராவிடன்ஸ். உங்க பாஸ்டனோட துணை ஏஹெச்எல் அணி. ஒரு சீசன் முழுக்க உங்க வீட்டுத் திண்ணையில உட்கார்ந்திருந்த ஆள்தான் ஏழாவது ஆட்டத்துல 33க்கு 32 தடுத்தார்.

பாஸ்டன்காரன்:
போசாக் காலை வாரினதுக்கு இது பதில் இல்ல.

பெஞ்ச்பக்கம்:
பிளேஆஃப் என்று வந்துவிட்டீர்கள், நல்லது. அங்கே பின்னிங்டன் தடுப்பு விகிதம் .914. அந்த .927 எங்கே? டல்லஸுடன் ஏழாவது ஆட்டம்: ஷாட் ப்ளூஸுக்கு 54-30. டல்லஸ் கோல்கீப்பர் பென் பிஷப் 52 தடுத்தும் இரண்டாவது ஓவர்டைமில் ப்ளூஸின் பாட் மரூன் முடித்தார். 54 ஷாட்டை வலைக்காரரா அடித்தார்?

கோல்வலை:
பாஸ்டன்ல ஏழாவது ஆட்டம், முதல் பீரியடு. ஷாட் பாஸ்டன் 12, ப்ளூஸ் 4. ஸ்கோர் 2-0 ப்ளூஸ். இதைத் திரும்பப் படிங்க. கோப்பையை முடிவு பண்ற 20 நிமிஷத்துல உங்க ஃபோர்செக் நாலே ஷாட்டுக்குத்தான் வழி பண்ணுச்சு. ரெண்டாவது கோல் எப்படி வந்தது? 8 விநாடி பாக்கி, பாஸ்டனோட மார்ஷாண்ட் ஆள் மாத்த பெஞ்சுக்குப் போயிட்டார், பியட்ராஞ்சலோ முன்னாடி இடம் திறந்துச்சு, பேக்ஹேண்ட்ல போட்டார். எதிராளி தப்பான நேரத்துல பெஞ்சுக்குப் போனதுக்கும் பெரூபிக்கும் என்ன சம்பந்தம்? மூணாவது பீரியடுல இன்னும் 2-0. பாஸ்டனோட நோர்ட்ஸ்ட்ரோம் வலைக்குப் பக்கத்துல வெச்சு அடிக்கிறார், பின்னிங்டன் காலை நீட்டி பேடால தட்டினார். அது உள்ளே போயிருந்தா 2-1, அரங்கமே எழுந்திருக்கும். பிறகு ப்ளூஸோட ஷென் அடிச்சு 3-0. கடைசில 4-1.

மிசூரிமணி:
அந்த முதல் கோல் ஓ'ரைலி. பௌமீஸ்டர் அடிச்சதைத் திசை திருப்பினார். சும்மா சொல்லிவைக்கிறேன்.

பெஞ்ச்பக்கம்:
ஒரு பீரியடை வைத்து 63 ஆட்டத்தை மறைக்கிறீர்கள். பெரூபியின் சீசன் 38-19-6. 99 புள்ளியில் முடிந்தது. சிறந்த பயிற்சியாளர் விருதின் கடைசி மூன்று பேரில் அவர் ஒருவர். வாக்குப் போட்டவர்களுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியும், அப்படித்தானே?

கோல்வலை:
விருது வாங்கினது பாரி ட்ராட்ஸ். 38-19-6ல 8-9-1ஐக் கழிச்சா 30-10-5. அதுல 24-5-1 யாரோடது? நாலாவது தடவை கேக்குறேன்.

மூலைமுட்டு:
ஐந்தாவது தடவை.

பெஞ்ச்பக்கம்:
நானும் கேட்கிறேன். ஆலனின் 6-5-4 என்று தூக்கிப் பிடித்தீர்களே, அதில் 4 தோல்வி 60 நிமிடத்துக்குப் பிறகு வந்தது. ஓவர்டைம் மூன்று பேருக்கு மூன்று பேர். மூன்று பேரை வைத்து ஃபோர்செக் ஆட மாட்டார்கள், பக்கைக் கையில் வைத்துச் சுற்றுவார்கள். ஷூட்அவுட்டோ அதைவிட மோசம். பெரூபியின் ஆட்டம் நடந்த 60 நிமிடத்தில் ஆலன் தோற்றது 15க்கு 5 மட்டும்.

கோல்வலை:
அதே மூணுக்கு மூணு பின்னிங்டனுக்கும் இருந்துச்சு. 30 ஆட்டத்துல அவருக்கு அப்படி வந்த தோல்வி ஒண்ணே ஒண்ணு. 15ல நாலு, 30ல ஒண்ணு. இப்ப வகுத்தல் போடுங்க, பாப்போம்.

பாஸ்டன்காரன்:
போசாக்குக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல.